கண்ட்ரோல் உன்கிட்ட

இடது பெடலை மிதித்தாள். அது திரும்ப மிதித்தது.

பலமாக ஒன்றுமில்லை. பக்கத்தில் தூங்குகிறவர் காலில் நம் கால் பட்டுவிட்டால், அவர் விழித்துக்கொள்ளாமலே தன் காலை மெல்ல நகர்த்துவாரே, அவ்வளவுதான். அவள் காலை எடுக்காமல், சிமுலேட்டரின் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மத்தியானம், தகரக் கூரைமேல் மழை விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஜன்னல் கிடையாது. விமானப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் ஓய்வுபெற்ற ஒரு சின்ன விமானத்தின் மூக்கைக் கழுத்தோடு வெட்டி எடுத்து, இந்த அறைக்குள் வைத்து, முன்னால் வளைந்த திரை ஒன்றை மாட்டியிருந்தார்கள். திரையில் பொய் ஓடுபாதை பொய் வெயிலில் கிடந்தது. ஈரக் கார்ப்பெட், சூடேறிய வயர், யாரோ என்றைக்கோ கொட்டிய காபி எல்லாம் சேர்ந்து ஒரு வாடை.

மோட்டார் மக்கர் செய்கிறது என்று சொல்லிக்கொண்டாள். நிஜ விமானத்தில் காற்று பெடலைத் தள்ளுவதுபோல இங்கே தள்ளுவதற்கு அடியில் ஒரு மோட்டார் உண்டு. பழைய சரக்கு. அதற்கு என்ன வேண்டுமானாலும் வரலாம்.

வலது பக்க இருக்கை காலி. அதன் முன்னாலும் அவள் முன்னால் இருப்பதுபோலவே ஒரு யோக் இருந்தது, பாதி வெட்டிய ஸ்டீயரிங் மாதிரி. அதற்குக் கீழே கால் வைக்கும் இடம் கும்மிருட்டு. பறக்கக் கற்றுக்கொடுக்கும் விமானங்கள் எல்லாம் இப்படித்தான், எல்லாமே ஜோடி. இந்த யோக்கை இடப்பக்கம் திருப்பினால் அதுவும் தானாகத் திரும்பும், விமானம் இடப்பக்கம் சாயும். தன் பக்கம் இழுத்தால் அதுவும் பின்னால் வரும், மூக்கு மேலே எழும். பெடல்களும் அப்படியே; தரைக்கு அடியில் கம்பியால் பிணைத்திருக்கும். இங்கே கால் அசைந்தால் அங்கே இருக்கிற கால் அறியும். வலதை மிதித்தால் இடது பின்னால் வரும். அவள் மிதித்த இடது பெடல் திரும்பி வர வேண்டுமென்றால், அந்தப் பக்கம் யாராவது வலதை மிதித்திருக்க வேண்டும்.

அதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. எஞ்சின் வேகத்தைக் கூட்டும் திராட்டிலை முழுக்கத் தள்ளினாள். ஸ்பீக்கரில் எஞ்சின் எழுந்தது. ஒற்றை எஞ்சின் விமானம் கிளம்பும்போது மூக்கு இடப்பக்கம் ஓடப் பார்க்கும். வலது பெடலால் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தாள். யோக்கை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். திரையில் தரை கழன்று கீழே போனது. சக்கரம் தரையை விட்ட அந்தக் கணத்தில் அவள் வலது காலுக்குக் கீழே பெடல் தானாக அமுங்கியது. லேசாக. இரண்டு முறை.

டக். டக்.

அவள் கத்தவில்லை. அழுதாள்.

அந்தத் தட்டல் அவள் கணவனுடையது. அவனும் அவளும் ஒரே வருஷம் இந்தப் பள்ளியில் பறக்கக் கற்றவர்கள், பிறகு இங்கேயே கற்றுக்கொடுக்க வந்தவர்கள், நடுவில் கல்யாணமும் செய்துகொண்டவர்கள். சேர்ந்து பறந்தால், சக்கரம் தரையை விட்டதும் அவன் கால் பெடலை இரண்டு முறை தட்டும். கிளம்பியாச்சு, எல்லாம் சரி என்று அர்த்தம். பிற்பாடு அது வீட்டுக்கும் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் யாராவது ஏதாவது சொல்லி அவள் முகம் தொங்கிப்போனால், மேஜைக்கு அடியில் அவன் ஷூ முனை வந்து அவள் ஷூவைத் தட்டும். எல்லாம் சரி, கொஞ்சம் பொறு, கிளம்பிடலாம்.

வீட்டுக்கு வந்தது அது மட்டுமில்லை. விமானம் ஓட்டும் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதற்கு ஒரு முறை உண்டு. கொடுக்கிறவர் "கண்ட்ரோல் உன்கிட்ட" என்பார். வாங்குகிறவர் பிடித்துக்கொண்டு "கண்ட்ரோல் என்கிட்ட" என்பார். கொடுத்தவர் மறுபடியும் "கண்ட்ரோல் உன்கிட்ட" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் கையை எடுப்பார். பதில் வராமல் கையை எடுக்கவே கூடாது. இரண்டு பேரும் விட்டுவிட்டால் விமானம் அனாதை. அதைவிட மோசம் இரண்டு பேரும் பிடித்துக்கொள்வது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் கம்பிதான் அறும், விமானம் யாருக்கும் கிடைக்காது.

மகள் பிறந்த புதிதில், தூக்கக் கலக்கத்தில் குழந்தையைக் கை மாற்றும்போது அவன் இதை விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்தான். கொஞ்ச நாளில் அந்த வீட்டில் கொதிக்கிற பாத்திரம், கார் சாவி, வீறிட்டு அழுகிற பிள்ளை எதுவுமே அந்த மூன்று வாக்கியம் இல்லாமல் கை மாறுவதில்லை என்று ஆகிவிட்டது. மகளை அவன் உருண்டை என்று கூப்பிடுவான். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தாள் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் விமானத்தின் முன்பலகையில் இருந்தது: வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று, அதற்குள் ஒரு கறுப்பு உருண்டை. விமானம் பக்கவாட்டில் வழுக்காமல் ஒழுங்காகப் போனால் உருண்டை நடுவில் நிற்கும். மகளை நடுவில் படுக்கவைத்து அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். "நம்ம வேலையே உருண்டைய நடுவுல வெச்சுக்கறதுதான் கேப்டன்," என்பான். அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவான், கிண்டலுக்கும் கொஞ்சலுக்கும் ஒரே பெயர்.

அந்தக் காலையில் இரண்டு பேருக்கும் சண்டை. பெரிதாக ஒன்றுமில்லை. அன்று பறக்க வேண்டியவள் அவள். உருண்டைக்குக் காய்ச்சல், யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் பள்ளியின் சீஃபுக்கு ஃபோன் போட்டு, அவள் வகுப்பைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். அவளுக்கு வந்ததே கோபம். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டு, தோளில் தூங்கிய குழந்தையை அவள் தோளுக்கு மாற்றினான்.

"கண்ட்ரோல் உன்கிட்ட."

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பதில் வரலயே கேப்டன். பதில் வராம நான் கைய எடுக்க மாட்டேன். ரூல்னா ரூல்." அவன் கை குழந்தையின் முதுகிலேயே இருந்தது.

"ரொம்பத்தான். போடா," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் சற்று நேரம் நின்றான். ஷூ நகரும் சத்தம் வரவில்லை. அப்புறம் வந்தது.

மழைக்கு முந்தைய காற்று, அன்று அவன் விமானம் இறங்கும்போது திடீரென்று திசை மாறி அடித்தது என்று விசாரணைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். கூடப் பறந்த மாணவன் பிழைத்துக்கொண்டான். கால் எலும்பு கூடியதும் ஊன்றுகோலோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்து அழுதான். "சார் 'கண்ட்ரோல் என்கிட்ட'ன்னு சொன்னார் மேடம். நான் கைய எடுத்துட்டேன். யோக்கை அவர் பக்கமா திருப்பினார். கடைசி வரைக்கும் விடவே இல்ல." வலது பக்கம்தான் முதலில் தரையில் மோதியது. மாணவன் இருந்தது இடது பக்கம். கணவன் யோக்கை ஏன் வலப்பக்கம் திருப்பினான் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கைகளை யோக்கிலிருந்து விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்று மயானத்தில் யாரோ யாரிடமோ சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் விமானத்தில் ஏறவில்லை. கடைசியில் சீஃப்தான், முதலில் சிமுலேட்டரில் கொஞ்ச நாள் ஓட்டட்டும், கை கால் பழகட்டும் என்று சொல்லியிருந்தார். அப்படி வந்த முதல் நாள்தான் இது.

அன்று வெளியே வந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. முன்னறையில் உருண்டை தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். சிமுலேட்டரைப் பார்த்துக்கொள்கிற ஆளைப் பள்ளியில் எல்லோரும் ஒயர்மேன் என்பார்கள். அவர் ஒரு சர்க்யூட் பலகையைப் பிரித்துப் போட்டு ஊதிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினாள். தலை வாரிக்கொண்டாள். தேறிவிட்டாள் என்று சீஃப் சந்தோஷப்பட்டார். அந்த அறைக்குள் அவள் பெடல்மேல் கால் வைத்ததும் அந்தப் பக்கமிருந்து ஒரு எடை வந்து உட்காரும். அவள் வலது பெடலைச் சரியாக மிதிக்காவிட்டால் அது கூட மிதித்துக் கொடுக்கும், அவன் உயிரோடு இருந்தபோது "வலது கால் தூங்குதா கேப்டன்?" என்று மிதித்துக் கொடுத்த மாதிரியே. அவள் அவனிடம் பேசினாள். பால்காரர் பாக்கி, உருண்டைக்கு ஆடுகிற பல், அவன் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்காதது, எல்லாம். பதில் வராது. கால் மட்டும் இருக்கும். அதுவே போதும் என்று இருந்தது அவளுக்கு. கொஞ்சம் பெட்ரோல் வாடை வரும். கூடவே ஈர மண் வாடை. அவன்மேல் எப்போதும் பெட்ரோல் வாடை அடிக்கும். மண் வாடை இதற்கு முன் அடித்ததில்லை. அதை அவள் கவனித்தாள். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். உருண்டையின் ஒரு கை அவள் கைக்குள் இருந்தது. எதிர்க் கடைக் கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தபோது குழந்தையின் இன்னொரு கை தலைக்குமேல் தூக்கி நின்றது தெரிந்தது. ஆட்டாமல் அசைக்காமல் நேராக.

"கைய ஏன்மா தூக்கி வெச்சிருக்க?"

"அப்பா உயரமாச்சே," என்றாள் உருண்டை.

தெரு வழக்கம்போல இருந்தது. ஒரு சைக்கிள் மணியடித்துப் போனது. குழந்தையின் அந்தப் பக்கம் நடைபாதை காலியாகக் கிடந்தது.

"அப்பா கை சில்லுனு இருக்கும்மா. விடுங்கன்னா விட மாட்டேங்கறார்."

"ஏன் விட மாட்டாராம்?" என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"நீ இன்னும் பதிலே சொல்லலியாம்."

வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும்போது பார்த்தாள். குழந்தையின் மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல் தடம், உள்பக்கம் ஒரு கட்டைவிரல் தடம். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சிவப்பு கூடியதே தவிரப் போகவில்லை. காலையில் எழுந்தபோது உருண்டை நடுவில் இல்லை. கட்டிலின் அந்த ஓரத்துக்கு இழுபட்டுப் போயிருந்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே, தொங்காமல், நீட்டி நின்றது. தூங்குகிற குழந்தையின் கை அப்படி நிற்காது. மெத்தையின் அந்த ஓரம் பள்ளமாக அமுங்கியிருந்தது, அங்கே தொட்டால் ஈரம். முகர்ந்து பார்த்தாள். பெட்ரோல். மண்.

அன்று தீர்மானித்துவிட்டாள். பதில்தானே? சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் அவன் கையை எடுத்துவிடுவான். குழந்தையிடமிருந்து எடுப்பான், பெடலிலிருந்தும் எடுப்பான், அப்புறம் ஒன்றுமே இருக்காது. ஆனால் குழந்தையின் கை. அந்த மணிக்கட்டு.

மத்தியானம் பள்ளிக்குப் போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்னறையில் கூரை ஒழுகியது. ஒயர்மேன் பக்கெட்டும் பழைய டப்பாவுமாக அலைந்துகொண்டிருந்தார். அவள் ஹெட்செட்டை எடுத்தாள்.

"அண்ணா, பெடல் கொஞ்சம் கனமா இருக்கு. வலது பக்கத்துப் பெடல்ல எதாவது மாட்டியிருக்கான்னு பாத்தீங்களா?" ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்ததோ என்னவோ.

ஒயர்மேன் பக்கெட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அந்தப் பக்கம் ஏது மேடம் பெடல்? நீங்க வர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கழட்டியாச்சே. கம்பி அறுந்துபோச்சு."

"எப்படி அறுந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல. ரெண்டு பேர் உக்காந்து எதிரும் புதிருமா மிதிச்சாத்தான் அப்படி அறும். அறை பூட்டியே கெடந்துச்சு. சார் தவறின வாரம் அது." சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க போங்க மேடம். பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

உருண்டை தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தாள். சின்ன உருவம் நடுவில், இரண்டு பக்கமும் பெரிய உருவம். மூன்று பேரும் கை கோத்திருந்தார்கள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஃபோன் வெளிச்சத்தை வலது பக்கக் கால் இடத்தில் அடித்தாள். ஒயர்மேன் சொன்னது சரி. பெடல் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. அறுந்த கம்பி முனை இரண்டு, துணி சுற்றிக் கட்டியிருந்தது. அதற்கு முன்னால் கார்ப்பெட்டில் இரண்டு குதிகால் தடம். ஈரமாக. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது தடத்தின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது, அங்கே நின்றிருந்த எடை சற்று முன்னால் சாய்ந்த மாதிரி.

வெளிச்சத்தை அணைத்தாள். இடது இருக்கையில் உட்கார்ந்தாள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். இத்தனை பயத்திலும் அவளுக்கு ஓடிப்போகத் தோன்றவில்லை. அவன்தானே. கெட்டவனா அவன்? ஒரு நாளும் கெட்டவனாக இருந்ததில்லையே.

கிளம்பினாள். சக்கரம் தரையை விட்டது. டக், டக். எல்லாம் சரி.

மேகத்துக்குமேல் விமானத்தை நேராக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். "கண்ட்ரோல்..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. யோக் அவள் கையில் கனத்தது. எதிர்ப்பக்க யோக்கைப் பார்த்தாள். அதன் கறுப்பு ரப்பர் பிடியில் நான்கு குழிகள் விழுந்திருந்தன, விரல் அழுந்தினால் விழுவதுபோல. அந்தக் குழிகள் கொஞ்சம் தளர்ந்தன. கொஞ்சம் இறுகின. காத்திருந்தன.

"சொன்னா போயிடுவ இல்ல?"

ஹெட்செட்டில் இரைச்சல் மட்டும்.

"சொல்லிடறேன். குழந்த கைய விட்டுடு. அவளுக்கு வலிக்குதுடா." பெடல் மெல்ல அவள் பாதத்தைத் தாங்கியது. எத்தனையோ சாயங்காலங்களில் இறங்கும்போது தாங்கிய அதே தாங்கல். அவள் உடைந்துபோனாள். "அன்னிக்கி நான் சொல்லியிருக்கணும். நீ நின்னுட்டே இருந்த. எனக்குத் தெரியும் நீ நின்னுட்டிருக்கன்னு. தெரிஞ்சும் கதவத் தெறக்கல."

உருண்டை நடுவில் நின்றது, கண்ணாடிக் குழாய்க்குள், கறுப்பாக, அசையாமல். இப்படி ஒழுங்காக அவள் தனியாக ஒரு நாளும் பறந்ததில்லை.

"போகாதடா," என்றாள். "என்னால முடியல. எல்லாத்தையும் நான் ஒருத்தியே பிடிச்சுட்டிருக்க முடியல. கொஞ்ச நேரம் நீ வெச்சுக்கோ. கொஞ்ச நேரந்தான்." சொல்லக் கூடாது என்று மனசு ஓரமாக அடித்துக்கொண்டது. வாய் கேட்கவில்லை. "கண்ட்ரோல் உன்கிட்ட."

இரைச்சல் நின்றது.

"கண்ட்ரோல் என்கிட்ட," என்றது ஹெட்செட்.

அவன் குரல். தொண்டையில் மண் சிக்கிய மாதிரி, ஆனால் அவன் குரல்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பழகின நாக்கு மூன்றாவது வாக்கியத்தைத் தானாகச் சொன்னது. "கண்ட்ரோல் உன்கிட்ட." கையை எடுத்தாள். காலை எடுத்தாள்.

விமானம் தானாகப் பறந்தது. யோக் ஒரு மயிரிழை திரும்பியது, நின்றது. பெடல்கள் மூச்சு விடுவதுபோல முன்னும் பின்னும் போயின. அவன் இறந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் தோள் இறங்கியது. அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

அப்புறம் யோக் துவண்டது.

தொட்டுப் பார்த்தாள். கனம் இல்லை. பெடலில் எடை இல்லை. ரப்பர் பிடியில் குழிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து ரப்பர் வழவழப்பானது. திரையில் அடிவானம் சாய ஆரம்பித்தது. உருண்டை நடுவை விட்டு ஓடிக் குழாயின் மூலைக்குப் போய் முட்டிக்கொண்டது. விமானத்தைப் பிடிக்க அங்கே யாரும் இல்லை. வாங்கிக்கொண்டவன் போய்விட்டான்.

எதை வாங்கிக்கொண்டு?

அன்று காலை வாசலில் அவன் கை மாற்றியது விமானத்தை அல்ல.

ஹெட்செட்டைப் பிய்த்து எறிந்தாள். கதவு. முன்னறை. ஒயர்மேன் முதுகைக் காட்டிக்கொண்டு ஏணிமேல் நின்றிருந்தார். தரையில் கலர் பென்சில்கள். படம். குழந்தை இல்லை.

"எங்க அவ?"

"இங்கதான மேடம் இருந்தா? இப்பக்கூட 'வந்துட்டேன், வந்துட்டேன்'னு யார்கிட்டயோ..."

பின்கதவு திறந்து கிடந்தது. சாரல் உள்ளே அடித்தது. அவள் ஓடினாள்.

வெளியே விமானங்கள் நிறுத்துகிற சிமென்ட் தரை. மழையில் ஒன்றும் தெரியவில்லை. இறக்கைகளைக் கயிற்றால் கட்டிப் போட்ட விமானங்கள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால் ஓடுபாதை. அதை நோக்கி ஒரு மஞ்சள் கவுன். ஒரு கை தலைக்குமேல். நேராக. குழந்தை ஓடவில்லை, தயங்கவில்லை. அப்பாவோடு கடைக்குப் போகிற நடை.

"உருண்டை!"

குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நடை நிற்கவில்லை.

விழுந்தாள். எழுந்தாள். ஓடினாள். எட்டி இன்னொரு கையைப் பிடித்துவிட்டாள். பிடித்ததும் நடை நின்றது. நின்றதே ஒழிய, அந்தப் பக்கத்து இழுப்பு நிற்கவில்லை. பெடலில் தெரிந்த அதே எடை. யோக்கில் தெரிந்த அதே கை. மஞ்சள் கவுனின் கை நுனி சுருங்கி, கசங்கி, விரல் விரலாக அழுந்தியது. அந்தப் பக்கம் மழை விழுந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு மட்டும் அது விழாமல் விலகிப் போனது.

"கண்ட்ரோல் என்கிட்ட!" என்று கத்தினாள். இத்தனை நாள் சொல்லாத பதில். "கேக்குதா? கண்ட்ரோல் என்கிட்ட! பதில் சொல்லிட்டேன்! விடுடா!"

மழைச் சத்தம். பெட்ரோல் வாடை. காதருகே, கோபமே இல்லாமல், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி மெதுவாக:

"கண்ட்ரோல் என்கிட்ட."

ரூல்னா ரூல். அவள்தான் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். மூன்று வாக்கியமும் முடிந்துவிட்டது.

அவள் விடவில்லை. அந்தப் பக்கமும் விடவில்லை. நடுவில் உருண்டை, இரண்டு கையும் விரிந்து, இப்படி ஒரு தரம் அப்படி ஒரு தரம் பார்த்தாள்.

"அம்மா, வலிக்குது." அப்புறம் அந்தப் பக்கம் அண்ணாந்து, "அப்பா, வலிக்குது. ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் விடுங்களேன்."

குழந்தையின் தோளில் ஏதோ மெல்ல முறுகியது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை. தளர்த்த முடியவில்லை. பின்னாலிருந்து ஒயர்மேன் எதையோ கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

உருண்டையின் செருப்பில் ஒன்று கழன்று தரையில் விழுந்தது. குழந்தையின் பாதம் தரையை விட்டு எழும்பியிருந்தது. ஒரு சாண். பிறகு ஒரு முழம். மழைத் தண்ணீர் அந்தப் பிஞ்சுக் கட்டைவிரல்களிலிருந்து சொட்டியது.

அப்போது அவள் ஷூமேல், லேசாக, யாரோ ஷூ முனையால் தட்டினார்கள்.

டக். டக்.